அக்கா வீடு உயர்கிறது

அக்கா வீடு நான்கு மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது.

"இறங்கியிருக்குன்னு சொல்லுய்யா," என்றார் அஸ்திவாரம்.

"ஏறியிருக்கு சார்," என்றார் சர்வேயர்.

"வீடு என்ன விலைவாசியா, தானா ஏற? திரும்ப அளந்து பாரு."

சர்வேயர் திரும்ப அளந்தார். அதே நான்கு. அளப்பதற்குத்தான் சம்பளம், அளந்ததைப் பற்றி யோசிப்பதற்கு இல்லை என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே முடிவு கட்டிக்கொண்டவர் அவர்.

அஸ்திவாரம் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. ஆபீஸில் வைத்தது. மனிதர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் மண் பொறியாளர். அதாவது, மேலே எழும்பப்போகிற கட்டடத்தைத் தாங்க அடியில் இருக்கிற மண்ணுக்குத் தெம்பு உண்டா இல்லையா என்று சொல்கிறவர். பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எவரும் இறங்கிப் பார்க்கப் போவதில்லை என்பதால், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பெரிய மனிதராக உலவ இதைவிட வசதியான தொழில் கிடையாது. மற்ற மண் பொறியாளர்கள் துளை போட்டு, மண்ணை எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். இவருக்கு அந்தப் பிடுங்கல் எல்லாம் இல்லை. ஒரு சிட்டிகை மண்ணை எடுப்பார். கட்டை விரலால் உள்ளங்கையில் தேய்ப்பார். கண்ணை மூடி ஒரு முறை முகர்ந்து பார்ப்பார். சுற்றி நிற்பவர்கள் வாய் பிளந்து நிற்கும்போது, "களி. நம்பாதீங்க," என்றோ, "மணல். தைரியமாக் கட்டுங்க," என்றோ தீர்ப்பு வரும். துளை போடுகிற செலவு மிச்சம் என்பதால் முதலாளிக்கும் அந்தக் கட்டை விரல்மேல் தனி மரியாதை. கம்பெனியின் சொந்த ஆபீஸ் கட்டடமே அந்த விரலை நம்பிக் கட்டியதுதான்.

ஆபீஸுக்குப் பக்கத்துக் காலி மனையில் இப்போது ஒரு பெரிய பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி கட்டப்போகிற அடுக்குமாடிக்குத் தரைக்கு அடியில் கார் நிறுத்த இடம் வேண்டுமாம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அஸ்திவாரத்தின் கூடப்பிறந்த அக்கா வீடு. ஆழமாகத் தோண்டினால் சுற்றியுள்ள மண் பள்ளத்தைப் பார்த்துச் சரியும், பக்கத்து வீடு இறங்கும், சுவர் விரியும், வீட்டுக்காரர் வக்கீலைத் தேடுவார். எல்லா ஊரிலும் நடப்பது இதுதான்.

அதனால் முதலாளி அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"பள்ளம் முடியற வரைக்கும் அந்த வீடு ஒரு நூல்கூட அசையக் கூடாது. அசையாம முடிச்சுட்டீங்கன்னா நீங்கதான் சீஃப் இன்ஜினியர். அசைஞ்சுதுன்னா..."

முதலாளி அங்கேயே நிறுத்திக்கொண்டார். மிச்சத்தைக் கேட்பவர்களே பயந்து நிரப்பிக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அந்தப் பதவிமேல் அஸ்திவாரத்துக்கு உயிர். போன தடவை அது முதலாளியின் மைத்துனருக்குப் போனபோது, வாழ்த்துச் சொல்லப் போன இடத்தில் இருமலைக் காரணம் காட்டித் தப்பித்து வந்தவர். மைத்துனர் வேறு வேலைக்குப் போய் நாற்காலி இப்போது மறுபடி காலி. இந்த முறையும் தவறினால், ஓய்வு பெறும்வரை வேறு எவனுக்காவது குடை பிடித்துக்கொண்டே காலம் தள்ள வேண்டியதுதான்.

வீட்டைக் கண்காணிக்கிற ஏற்பாடு எளிமையானது. அக்கா வீட்டின் நான்கு மூலைகளிலும் சுவரில் மூலைக்கொரு ஆணி. ஆபீஸ் முகப்புத் தூணில் ஒரு பித்தளைக் குமிழ். சர்வேயர் நடுவில் கருவியை வைத்து, குமிழைவிட ஆணிகள் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று வாரம்தோறும் அளப்பார். ஏற்ற இறக்கத்தை அளக்க வேண்டும் என்றால், ஏறாமலும் இறங்காமலும் ஒரு பொருள் இருந்தாக வேண்டும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் அஸ்திவாரமே.

"நான் போட்ட அஸ்திவாரம்யா இது. பூமி பிளந்தாலும் இந்தத் தூண் அசையாது," என்று தூணைத் தட்டிச் சொல்லியிருந்தார். தினமும் காலையில் வாசலில் இருந்த ஒற்றைப் படியை ஏறியதும் கைக்குட்டையால் குமிழைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். அது அழைப்பு மணி என்று நினைத்து அழுத்திப் பார்க்கிறவர்களிடம் எரிந்து விழுவார்.

வீடு ஏறுகிறது என்றதும் அஸ்திவாரத்துக்கு முதலில் கருவிமேல் சந்தேகம் வந்தது. புதுக் கருவி ஒன்றை வரவழைத்தார். அடுத்த வாரம் அது ஆறு காட்டியது. சர்வேயர்மேல் சந்தேகம் வந்தது. அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தானே ஒரு கண்ணை மூடிக்கொண்டு கருவிக்குள் பார்த்தார். ஏழு. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஒன்றுமே தெரியவில்லை. தெரியாமல் இருந்ததே கொஞ்ச நேரத்துக்கு நிம்மதியாக இருந்தது.

"நாலு மூலையும் ஒரே அளவுல ஏறுது சார். ஒரு பக்கம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல," என்றார் சர்வேயர்.

அஸ்திவாரம் சற்று யோசித்தார். யோசித்த மாத்திரத்தில் அவருக்கு விடை கிடைத்துவிட்டது. அவருக்கு எப்போதுமே அப்படித்தான்.

"களி! அடியில களி இருக்குய்யா. தண்ணி குடிச்சா ஊதும். ஊதி வீட்டைத் தூக்குது."

நேராக அக்கா வீட்டுக்குப் போனார்.

"அக்கா, உன் வீடு ஏறுது."

"எங்கடா ஏறுது?"

"மேலதான்."

அக்கா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். "மாடி கட்டுங்கன்னு உங்க மாமாகிட்ட கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். தானா ஏறுதுன்னா ஏறட்டுமே."

"புரியாமப் பேசாதே. நீ செடிக்கு ஊத்தற தண்ணி அடியில போய்க் களியை ஊத வைக்குது."

"களி இருக்குன்னு எப்படித் தெரியும்? தோண்டிப் பாத்தியா?"

அஸ்திவாரம் பக்கத்துத் தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். கண்ணை மூடினார். முகர்ந்தார். "சுத்தமான களி," என்றார்.

"அது கடையில வாங்கின தொட்டி மண்ணுடா."

இந்த மாதிரி அற்ப விஷயங்கள் எல்லாம் அவர் காதில் விழுவதே இல்லை. அன்றோடு செடிகளுக்குத் தண்ணீர் நின்றது. ஒரு வாரத்தில் தோட்டம் சருகானது. அக்கா வீடு இன்னும் இரண்டு மில்லிமீட்டர் ஏறியது.

"அப்போ குழாயிலதான் கசியுது," என்றார்.

குளியலறைத் தரையை உடைத்துப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். கசிவு எதுவும் இல்லை. திரும்ப மூடப் போகிற நேரத்தில் கடப்பாரை நழுவிக் குழாயில் விழுந்தது. தண்ணீர் பீய்ச்சி அடித்ததில் அஸ்திவாரம் தலை முதல் கால் வரை நனைந்தார். ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"பாத்தியா, பாத்தியா? நான் சொன்னேன்ல, கசிவு இருக்குன்னு!"

"டேய், இப்போ உடைச்சதுடா அது!"

"எப்போ உடைஞ்சா என்ன? கசியுதா இல்லையா?"

அக்காவின் கணவர் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது பேச்சிலிருந்தும் சேர்த்து ஓய்வு பெற்றவர். அவர் பேப்பரைக் கொஞ்சம் தாழ்த்தி, "குளிக்க எங்க போகணும்?" என்று மட்டும் கேட்டார்.

"கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்குங்க மாமா. அறிவியல்னா அப்படித்தான்."

மாமா பேப்பரைத் திரும்ப உயர்த்திக்கொண்டார்.

அடுத்த வைத்தியம் பாரம். ஊதுகிற மண்ணை மேலேயிருந்து அமுக்கினால் அடங்கிவிடும் என்பது அஸ்திவாரத்தின் கணக்கு. லாரி லாரியாக மணல் மூட்டைகள் வந்தன. கூடத்தில் அடுக்கினார்கள், படுக்கையறையில் அடுக்கினார்கள், மொட்டைமாடியில் தண்ணீர் பீப்பாய்களை வரிசையாக நிறுத்தினார்கள். சமையலறைக்குப் பக்கவாட்டில் திரும்பித்தான் போக முடிந்தது. மாமா இரண்டு மூட்டை வரிசைகளுக்கு நடுவில் கட்டிலைச் செருகிக்கொண்டு படுத்தார். காலையில் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"கூடத்துல தரை வெடிச்சிருக்கு. உத்திரத்துல கோடு விட்டிருக்கு," என்று அக்கா ஆபீஸுக்கே வந்து கத்தினாள். "வீடு இறங்கற மாதிரிதான்டா எனக்குத் தோணுது."

"ஏறும்போதும் வெடிக்கும்க்கா. உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. இந்த வீட்டைக் கட்டறதுக்கு நாங்க ரெண்டு பேரும் எப்படியெல்லாம் வாயைக் கட்டி வயித்தைக் கட்டினோம்னு மட்டும்தான் தெரியும். நாலு பேர் முன்னாடி சொந்தத் தம்பின்னு பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அந்தக் குரலில் இருந்த அழுகை ஆபீஸ் முழுவதும் கேட்டது. யாராவது ஒருவருக்கு உறைத்திருக்க வேண்டும். யாருக்கும் உறைக்கவில்லை. அஸ்திவாரம் அளவு அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை மூட்டை வைத்தும் வீடு இன்னும் ஒரு விரல்கடை ஏறியிருந்தது. மூட்டைப் பாரத்தில் உண்மையிலேயே கொஞ்சம் இறங்கியும், அதையும் மீறி அட்டவணை ஏற்றம்தான் காட்டியது.

விஷயம் முதலாளி காதுக்குப் போயிற்று. கூப்பிட்டனுப்பினார். சீஃப் பதவி கையை விட்டுப் போகப் போகிறது என்று அஸ்திவாரத்துக்குத் தோன்றியது. முதலாளியின் அறைக்கு நடக்கிற வழியில் அவருடைய மூளை இன்னொரு முறை வேலை செய்தது.

"என்னய்யா, அந்த வீடு அசையக் கூடாதுன்னு சொன்னேன். அசைஞ்சிருக்காமே?"

"இறங்கக் கூடாதுன்னு சொன்னீங்க சார். ஒரு நூல்கூட இறங்கலை. ஏறியிருக்கு."

"ஏறியிருக்கா?"

"ஊர் உலகத்துல யார் பள்ளம் தோண்டினாலும் பக்கத்து வீடு இறங்கும். நாம தோண்டினா ஏறுது. இதுவரைக்கும் எவனும் பண்ணாத காரியம் சார்."

முதலாளி எழுந்து ஜன்னலருகே போனார். பள்ளத்துக்கு அப்பால் அக்கா வீடு தெரிந்தது. வெகுநேரம் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஆமாய்யா! முன்னாடி இங்கிருந்து பாத்தா அந்த மொட்டைமாடித் தரை தெரியும். இப்போ கைப்பிடிச் சுவர் மறைக்குதே!"

"அதான் சார்!"

ஜன்னல் பக்கம் தலையை நீட்டிய கணக்காளரும் மேலாளரும், "ஆமா சார், நல்லாவே உசந்திருக்கு," என்றார்கள். முதலாளிக்குத் தெரிவது தங்களுக்குத் தெரியவில்லை என்று சொல்கிற வழக்கம் அந்த ஆபீஸில் யாருக்கும் கிடையாது.

முதலாளி மேதாவி இல்லை, ஆனால் வியாபாரி. அந்தத் தெருவில் ஒவ்வொரு முறையும் பழைய சாலைமேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, வீடுகள் எல்லாம் பள்ளத்தில் கிடந்தன. மழை பெய்தால் தண்ணீர் நேராகக் கூடத்துக்குள் வரும். வீட்டை உயர்த்த முடியுமா என்று ஏங்காத வீட்டுக்காரர் அங்கே ஒருவரும் இல்லை.

"பக்கத்துல ஒரு பள்ளம் தோண்டினா வீடு தானா ஏறும்னா, இதைக் கேட்டு எத்தனை பேர் வருவாங்க! தனிப் பிரிவே ஆரம்பிச்சுடலாம்யா. வீடு உயர்த்தும் பிரிவு. அதுக்கும் நீங்கதான் தலைவர், கம்பெனிக்கும் நீங்கதான் சீஃப். ஒரு விழா வச்சு அறிவிச்சுடுவோம். அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் ஏத்திக் காட்டுங்க. பார்க்கறவங்க அசந்து போகணும்."

இதுவரை வீட்டை அமுக்கப் பாடுபட்டவர் இனிமேல் தூக்கப் பாடுபட வேண்டும். வேறு மனிதராக இருந்தால் தலை சுற்றியிருக்கும். அஸ்திவாரத்துக்கு எந்தக் கொள்கையையும் நின்ற இடத்திலேயே திருப்பிப் போட்டுக்கொள்ளத் தெரியும்.

"பள்ளத்துல தண்ணி நிக்கறதாலதான் ஏத்தம் மந்தமா இருக்கு. இறைச்சுக் கொட்டுங்க," என்று உத்தரவு போட்டார். களி தண்ணீர் குடித்து ஊதுகிறது என்று போன மாதம் சொன்னதை யாரும் நினைவுபடுத்தவில்லை. பெரிய பம்புகள் வந்தன. பள்ளத்து அடியிலிருந்து நிலத்தடி நீரை ஓயாமல் உறிஞ்சித் தெருவில் விட்டார்கள். பலன் உடனே தெரிந்தது. இரண்டு விரல்கடை, மூன்று விரல்கடை என்று வீடு விறுவிறுவென்று ஏறியது. பம்பை அதிகமாக்க அதிகமாக்க ஏற்றமும் அதிகமானது. சர்வேயரின் அட்டவணையில் கோடு ராக்கெட் மாதிரி கிளம்பியது.

தெருவில் ஓடிய தண்ணீர் ஆபீஸ் வரவேற்பறைக்குள் புகுந்து சோபாவை நனைத்ததுதான் ஒரே இடைஞ்சல். அஸ்திவாரம் துப்புரவு செய்கிறவர்களைக் கூப்பிட்டு, வாசலை ஒழுங்காகத் துடைக்கத் துப்பில்லையா என்று வாங்கு வாங்கென்று வாங்கினார்.

செய்தி பரவியது. தெருக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து அக்கா வீட்டைப் பார்த்தார்கள். "ஆமா, கம்பீரமா நிக்குது," என்றார் ஒருவர். "எங்க வீட்டுக்குப் பின்னாடியும் ஒரு பள்ளம் தோண்டிக் குடுங்க சார்," என்று இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டார். அஸ்திவாரம் அவர் வீட்டு மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து, "ஏறும்," என்று ஆசீர்வதித்தார்.

விழா நாளும் வந்தது. ஆபீஸ் வரவேற்பறையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சோபாவை வெயிலில் காயப் போட்டிருந்தார்கள். மேடையாக ஒரு மேசை, ஒரு மைக். வீடு உயர்ந்த கோட்டைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

முதலாளி தன் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் முழங்கால் வலிக்காரர். ஆபீஸ் திறந்த நாளுக்குப் பிறகு இந்தப் பக்கமே வந்ததில்லை. கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததிலிருந்து அஸ்திவாரத்தையே கனிவாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் புகழ் முதலாளி வீட்டு அடுப்படி வரைக்கும் போய்விட்டதில் அஸ்திவாரத்துக்குத் தலைகால் புரியவில்லை.

அக்காவையும் மாமாவையும் வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தார்கள். மைக்கை அக்காவிடம் நீட்டி, "உங்க வீடு உசந்ததுல எப்படி உணர்றீங்க?" என்று கேட்டார் மேலாளர்.

"மூட்டையை எப்போ எடுப்பீங்க?" என்றாள் அக்கா.

பலத்த கைதட்டல். அவள் நெகிழ்ந்துபோய்ப் பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டதாக மேலாளர் மைக்கில் விளக்கினார். மாமா கொண்டு வந்திருந்த பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

முதலாளி நியமன உத்தரவை எடுத்து நீட்டினார். அஸ்திவாரம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இருமல் வரவில்லை. ஏற்புரை நிகழ்த்தச் சொன்னதும், எல்லோரையும் முகப்புத் தூணருகே வரச் சொல்லி, பித்தளைக் குமிழ்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் என்கிட்ட கேக்கறாங்க, இந்த வெற்றிக்கு என்ன காரணம்னு. இதுதான் காரணம். ஊரே ஏறலாம், இறங்கலாம். ஆனா அளக்கறதுக்கு அசையாத ஒண்ணு வேணும். என் கையால அஸ்திவாரம் போட்ட இந்தக் கட்டடம் இருக்கே, இது இருக்கற வரைக்கும் என் அளவுல தப்பு வராது."

மறுபடியும் கைதட்டல். கணக்காளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சர்வேயர் எல்லோரும் தட்டுகிறார்களே என்று தானும் தட்டினார்.

முதலாளியின் மனைவி எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, புது சீஃப் இன்ஜினியரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"தம்பி, இந்த ஆபீஸைத் திறந்தன்னைக்கு, வாசல்ல இருந்த அந்த ஒத்தைப் படியை ஏற முடியாம என்னை நாற்காலியோட நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க, வெக்கமாப் போச்சு, இன்னைக்கு ரோட்டுல இருந்து அப்படியே சமமா நடந்து உள்ள வந்துட்டேன்... என் முழங்காலை நினைச்சு அந்தப் படியையே எடுத்துட்டீங்களே, என்ன மனசு தம்பி உங்களுக்கு!"